றப்பர் தோட்டத்தில் தம்பியின் பைக்

2025 மார்ச் 30, ஞாயிறு

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சை தம்பிக்குப் புதன்கிழமையோடு முடிந்தது. முடிவு வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் ஆங்கில வகுப்பு, நீச்சல் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தம்பியிடம் வேறு கணக்கு இருந்திருக்கிறது. மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே மெல்ல எடுத்துவிட்டான். கூடப் படிக்கும் பொடியனின் மாமாவுக்குக் களுத்துறை மாவட்டத்தில் இங்கிரியப் பக்கம் றப்பர் தோட்டம் இருக்கிறதாம். ஒரு காலத்தில் மோட்டோகுரொஸ் என்ற மண்பாதை பைக் பந்தயம் ஓடியவராம். இப்போது அந்தக் காணிக்குள் பிள்ளைகளுக்குக் கரடுமுரடான பாதையில் ஓடும் ட்ரெயில் பைக் பழக்குகிறாராம். நாலு சில்லுக் குவாட் பைக்கும் ஒன்று நிற்கிறதாம்.

"ஐயோ, வேண்டாம் ராசா" என்றார் மாமி. என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அப்படியென்றால் அவருக்குச் சம்மதம்.

யோசிப்பம் என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

காப்புறுதி நிறுவனத்தில் வாகன இழப்பீட்டுப் பிரிவில் வேலை செய்கிறவளிடம் போய் இதைக் கேட்டிருக்கிறான். நொறுங்கிய பைக்கின் படங்களோடுதான் என் காலைத் தேநீரே. இன்று தனிநபர் விபத்துப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். பந்தயம், வேகச் சோதனை, அபாயமான விளையாட்டு எல்லாம் ஒப்பந்தத்தின் விலக்குகளில் வரும். அது எனக்கும் தெரியும். "போட்டி இல்லை அக்கா, பழகுகிறதுதான் என்றால்?" என்றேன்.

"அதை விழுந்த பிறகு இருந்து வாதாடலாம்" என்று சிரித்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரவு கொழும்பு மரீன் டிரைவில் நடக்கப் போனோம். லைசன்ஸ் எடுக்கும் வயதே வராத பொடியன்கள் ஸ்கூட்டரில் மூன்று பேராகப் பறக்கிறார்கள். ஒருவன் தலையிலும் ஹெல்மட் இல்லை. 18 வயதுச் சட்டம் எல்லாம் கடற்காற்றோடு போய்விட்டது.

"இதுக்கு அது பரவாயில்லை. காணிக்குள்ளே எதிரே பஸ் வராது" என்றார் என் கணவர்.

"மரம் இருக்குமே."

"மரம் வராது. இவன்தான் மரத்திடம் போகவேணும்."

இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திவிட்டதாக அவருக்கு நினைப்பு.

ஏப்ரல் 10, வியாழன்

குவாட் பைக் பற்றி மட்டும் இன்று முடிவெடுத்தாயிற்று. கூடாது.

நாலு சில்லு இருப்பதால் அதுதான் பாதுகாப்பானது என்று மாமி உட்பட எல்லோரும் நினைக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்குக் கை கால் குளிர்ந்தது. பெரியவர்கள் ஓட்டும் குவாட் 200, 300 கிலோ வரும். சரிவில் சமநிலை தவறினால் அது உருண்டு ஆளின் மேல் விழுந்து அமத்தும். பைக் வழுக்கினால் பெரும்பாலும் அது ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். குவாட்டில் அந்த நிச்சயம் இல்லை. அநேகமான குவாட்களில் பின் சில்லு இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் வளைவில் ஓடுகிறவன் தன் உடம்பைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் கூட்டாளியை ஏற்றினால் அந்தக் கணக்கே பிழைத்துவிடும். அவுஸ்திரேலியாவில் 2021 ஒக்டோபரிலிருந்து, பண்ணை வேலைக்கு விற்கும் புதிய குவாட்களில் உருண்டால் ஆளைக் காக்கும் சட்டகம் பூட்டியே விற்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இதைத் தொடவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கத்தின் நிலைப்பாடு.

தம்பிக்குப் 16 முடிந்துவிட்டதுதான். அதை அவன் எனக்கு நினைவூட்டினான். நான் இங்கிரியவின் மலைச்சரிவை அவனுக்கு நினைவூட்டினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

இந்தத் திகதி என்றால் கொழும்பில் எல்லோருக்கும் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புதான். காலையில் கொச்சிக்கடைத் தேவாலயப் பக்கம் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தோம். நாங்கள் சைவம் என்றாலும் ஒவ்வொரு வருடமும் போகிறோம்.

போன வருடம் இதே நாளில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு வெளியே பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள். ஒன்று எட்டு வயதுப் பிள்ளை. அவர்களில் ஒருவர்கூட வாகனம் ஓட்டியவர் இல்லை. எல்லோரும் பார்க்க வந்து நின்றவர்கள், பாதையில் கடமைக்கு நின்றவர்கள். இதை இன்று தம்பியிடம் சொன்னேன். உன்னைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது, ஓடாதவர்கள் அங்கே எங்கே நிற்பார்கள் என்றும் கேட்கவேணும் என்றேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். வழக்கமாக அப்படி இருக்க மாட்டான்.

மே 3, சனி

இங்கிரியவுக்குப் போய் வந்தோம். ஹொரணை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

தோட்டத்து மாமா என்னை "நங்கி" (தங்கச்சி) என்றே கூப்பிட்டார். சிங்களத்தில்தான் பேசினோம், அவரும் இடைக்கிடை தமிழ் முயன்றார். பழைய ஜப்பான் ட்ரெயில் பைக் இரண்டு வைத்திருக்கிறார். 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு இதற்கெல்லாம் தங்க விலை என்று தடவித் தடவிக் காட்டினார். பாதையையும் நடந்து காட்டினார். கபுக் என்கிற செம்மண், மழையில் சவர்க்காரம். மரங்களுக்கு நடுவே மண்ணை மறிக்க வெட்டிய கான்கள் வரிசையாகப் போகின்றன. அவற்றின் மேல் மூடுபயிர்க் கொடி படர்ந்து, நிலம் மட்டமாக இருப்பது போலவே தெரிகிறது. அவர் ஓடும் பாதையில் மட்டும் கொடியை வெட்டி, கான் கரையில் வெள்ளைச் சுண்ணாம்பு போட்டிருக்கிறார். இவரை எனக்குப் பிடித்துப் போனது அந்த இடத்தில்தான்.

அவர் ஹெல்மட், சப்பாத்து, நெஞ்சுக் கவசம் பற்றி விளக்கத் தயாராக இருந்தார். நான் கேட்டது வேறு. பாதையின் கடைசி வளைவில் போன் வேலை செய்யுமா? பொடியன் எழும்ப முடியாமல் கிடந்தால் எவ்வளவு நேரத்தில் உங்களுக்குத் தெரியும்? வான் அந்த இடம்வரை வருமா, இல்லையென்றால் தூக்கிக்கொண்டு வருவது யார்? 1990 அம்புலன்ஸுக்கு எடுத்தால் எந்த வாசலைச் சொல்வீர்கள்? அந்த அம்புலன்ஸ் சேவை இந்திய உதவியோடு 2016இல் தொடங்கியதே மேல், தென் மாகாணங்களில்தான். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத தோட்ட ரோட்டை எந்த ட்ரைவர் கண்டுபிடிப்பார்?

மனுசன் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசி வளைவில் சிக்னல் இல்லை என்று ஒத்துக்கொண்டார். அந்த வளைவை வெட்டிவிட்டுப் பாதையைச் சுருக்குகிறேன் என்றார். வாசலில் ஒரு பலகையும் அடிப்பாராம்.

திரும்பி வரும்போது, "நீ அந்தாளை வழக்குமன்றத்தில் விசாரித்தது மாதிரி விசாரிச்சிட்டாய்" என்றார் அவர். விழுவானா என்ற கேள்வி எனக்கு முடிந்துவிட்டது. விழுவான். பைக் பழகுகிறவன் விழாமல் பழகுவதில்லை. விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

மே 8, வியாழன்

வேலை முடிந்து, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு. ஹெல்மட் இரண்டாம் கையில் வாங்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். உள்ளே இருக்கும் நுரை ஒரு பலமான அடியை வாங்கி நசுங்கினால் அவ்வளவுதான், வெளியே கோது பளபளவென்று இருக்கும். போட்டுப் பார்த்தபோது தம்பி கன்னம் இறுக்குகிறது என்று முறையிட்டான். இறுக்கத்தான் வேண்டும். பட்டியைப் பூட்டிவிட்டுப் பின்னாலிருந்து முன்னுக்கு உருட்டிக் கழற்றப் பார்த்தேன், கழலவில்லை. வாங்கினோம். கையுறையில் அவர் சிக்கனம் பார்த்தார், நான் பார்க்கவில்லை.

மே 12, திங்கள், வெசாக்

கொத்மலையில் நேற்று அதிகாலை பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வீட்டில் யாரும் பைக் கதை எடுக்கவில்லை. வெசாக் கூடு பார்க்கவும் போகவில்லை.

மே 17, சனி

முதல் நாள். ஓடப் போகிறேன் என்று துள்ளிக்கொண்டு போனவனுக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. பைக்கைத் தரையில் படுக்க வைத்து, தூக்கி நிறுத்து என்றார். முதுகால் இல்லை, காலால் தூக்கு என்றார். மறுபடி படுக்க வைத்தார். பிறகு முழுப் பாதையையும் நடக்க வைத்தார். மத்தியானத்துக்குப் பிறகுதான் முதலாம் கியரில் எழும்பி நின்றபடி ஓட்டம். பார்வை முன்சில்லில் இருக்கக் கூடாதாம், போகப் போகிற இடத்தில் இருக்கவேணுமாம்.

தம்பிக்கு ஏமாற்றம். எனக்கு நல்ல நித்திரை.

மே 24, சனி

விழுந்துவிட்டான்.

இந்தத் தடவை நான் போகவில்லை. 11 மணிக்குத் தோட்டத்து மாமா போன் எடுத்தார். முதல் சொல்லே "பிள்ளை கதைக்கிறான்" என்பதுதான். அப்படித்தான் தொடங்கவேண்டும் என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஈரத்தில் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான், முன்சில்லு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஹெல்மட்டைக் கழற்ற முதல் கழுத்து நோகுதா, விரல் அசைகிறதா என்று பார்த்திருக்கிறார். கையைத் துணியால் தொட்டில் கட்டி, ஐஸ் வைத்து, வானில் ஹொரணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. முறிவு இல்லை, காறை எலும்பும் சரி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாங்கில் இருந்து மாலு பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமிக்கு வழியில் "கை சுளுக்கு" என்று மட்டும் சொன்னோம். அவர் நம்பவில்லை.

மே 26, திங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் குடும்ப டொக்டர் மணிக்கட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு விட்டார். அவருடைய கவனமெல்லாம் முழங்காலில் இருந்த சிராய்ப்பில். "சேறு பட்டதா? தேங்கின தண்ணியா?" என்று துருவித் துருவிக் கேட்டார். எலிக்காய்ச்சல்! களுத்துறை, இரத்தினபுரிப் பக்கம் மழைக்காலத்தில் அது சாதாரணம். எலியின் சிறுநீர் கலந்த சேறு, தோலில் ஒரு வெடிப்பு, அவ்வளவு போதும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் தடுப்புக்கு டொக்ஸிசைக்கிளின் கொடுப்பதே அதனால்தான். அதை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் நோவு, கண் சிவப்பு என்று எது வந்தாலும் அன்றைக்கே வாருங்கள், சேற்றில் நின்றதை முதலில் சொல்லுங்கள் என்றார். ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டது என்றும் பார்த்தார்.

மரம், கான், குவாட் என்று இவ்வளவு யோசித்தவளுக்கு எலி வந்து நிற்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

வெப்பமானி என் கைப்பையில். தம்பி அதைக் கண்டால் அறைக்குள் போய்விடுகிறான்.

ஜூன் 8, ஞாயிறு

காய்ச்சல் வரவில்லை. கையும் சரி என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தோட்டம் முழுக்கத் தண்ணீர், மழை விட்டுப் பாதை காய்ந்த பிறகு சொல்கிறேன் என்று மாமா செய்தி அனுப்பியிருக்கிறார்.

இரவு மேசையில் வைத்துப் பேசினோம். காயம் இருந்தால் ஓட்டம் இல்லை, முழங்கால் மூடும் கவசம் இல்லாமலும் இல்லை, வந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் குளிக்கவேணும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவனும் ஒரு நிபந்தனை வைத்தான். அங்கே நிற்கும்போது நான் அவனுக்குப் போன் எடுக்கக் கூடாதாம், பொக்கெட்டில் அது அதிர்ந்தால் கவனம் அங்கே போகிறதாம். நியாயம்தான். மாமாவுக்கு எடுப்பேன் என்றேன். அதற்கும் முகத்தைச் சுளித்தான். மணித்தியாலத்துக்கு ஒன்று என்று தொடங்கிப் பேரம் பேசி, மத்தியானம் ஒன்று, புறப்படும்போது ஒன்று என்று முடித்தோம். இந்த ஒப்பந்தத்தில் மாமி கையெழுத்துப் போடவில்லை. அவரிடம் சொந்தமாக ஒரு போன் இருக்கிறது.