நடுவில் காயில் இல்லாவிட்டால்?

அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் கொண்ட சூடான வாயுவை, காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்து வைக்கும் கருவிதான் டோகமாக். அது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. நடுவில் நிற்கும் சொலினாய்டு என்ற நீளக் காயில் பிரைமரி. அதைச் சுற்றி வளையமாக இருக்கும் பிளாஸ்மா, ஒரே சுற்றுள்ள செகண்டரி. போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "பிளாஸ்மாவில் கரண்ட் ஒரே திசையில் ஓட வேண்டுமென்றால் பிரைமரியில் மாறிக்கொண்டே இருக்க வேண்டுமே மிஸ், எவ்வளவு நேரத்துக்கு?"

சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். காயில் தாங்கும் வரைதான். பிரான்ஸில் கட்டப்படும் ஐட்டர் என்ற பெரிய டோகமாக்கின் சொலினாய்டு 18 மீட்டர் உயரம், 1000 டன் எடை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. கோள வடிவ டோகமாக்கில் நிலைமை இன்னும் மோசம். நடுத்தண்டு ஒல்லி, காயிலுக்கும் இடமில்லை, அதை நியூட்ரான்களிடமிருந்து காக்கும் கவசத்துக்கும் இடமில்லை.

அப்புறம் காயில் இல்லாமல் பிளாஸ்மாவில் கரண்டை எப்படித் தொடங்குவது? மைக்ரோவேவ் ஒரு வழி. இரண்டு பிளாஸ்மா வளையங்களை மோதவிட்டு ஒன்றாக்குவது இன்னொன்று. இங்கிலாந்தின் குல்ஹாமில் ஸ்டார்ட் என்ற கோள டோகமாக் அப்படித்தான் தொடங்கியது. எனக்குப் பிடித்தது ஹெலிசிட்டியை, அதாவது காந்தக் கோடுகளின் முறுக்கை, செலுத்துவது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனின் என்எஸ்டிஎக்ஸ் என்ற கோள டோகமாக்கில் உட்சுவரையும் வெளிச்சுவரையும் பீங்கான் வளையங்களால் மின்சார ரீதியாகப் பிரித்திருந்தார்கள். அடியில் கொஞ்சம் வாயுவை ஊதி, கெப்பாசிட்டர்களை அங்கே டிஸ்சார்ஜ் செய்வார்கள். கரண்ட் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நேராகப் போகாது. முறுக்கிய காந்தக் கோடுகளோடு வளையத்தைப் பலமுறை சுற்றிவிட்டுத்தான் போய்ச் சேரும். அதனால் சில கிலோ ஆம்பியர் செலுத்தினால் பல மடங்கு சுற்றும். அந்தக் கரண்டும் காந்தப்புலமும் சேர்ந்து தரும் விசையே பிளாஸ்மாவை மேலே தள்ளி, சோப்புக் குமிழி போல ஊதுகிறது. சட்டென்று கரண்டைக் குறைத்தால் குமிழியின் கழுத்தில் கோடுகள் அறுந்து மறுபடி இணைந்து, தனி வளையம் மிஞ்சும். 160 கிலோ ஆம்பியர் இப்படி வந்தது!

தொல்லை இல்லாமல் இல்லை. இரு சுவர்களுக்கும் நடுவே மேலே உள்ள இடைவெளியில் ஆர்க் (மின்பொறி) அடிக்கும். கார்பன், ஆக்சிஜன் கலந்தால் வெப்பம் ஒளியாக வெளியேறிவிடும். குளிர்ந்த பிளாஸ்மாவில் மின்தடை அதிகம், கரண்ட் சில மில்லி விநாடிகளில் வடிந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெகாசஸ் என்ற கோள டோகமாக்கின் குழு, பிளாஸ்மாவின் ஓரத்தில் சிறிய மின்செலுத்திகளை வைத்து இதே வேலையைச் செய்கிறது. பெகாசஸ்-3 இல் சொலினாய்டையே கழற்றிவிட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

"160 போதுமா மிஸ்?" என்றாள் அடுத்த நாள். போதாது. ரியாக்டருக்கு மெகா ஆம்பியர்கள் வேண்டும். நியூட்ரல் பீமால் (மின்னூட்டமற்ற வேக அணுக்களின் கற்றையால்) ஏற்றலாம் என்றால், கரண்ட் குறைவாக இருக்கும்போது பீமின் வேக அயனிகள் உள்ளே நிற்காமல் சுவரில் போய் முட்டுகின்றன.