டோல்ஜாபி, ஜுவாஜோ: முதல் பிறந்தநாளைப் படமெடுப்பவர்களுக்கு

முதல் பிறந்தநாளில் குழந்தை முன் பல பொருட்களைப் பரப்பி, அது எதை எடுக்கிறது என்பதை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பதுதான் கொரியர்களின் டோல்ஜாபியும் சீனர்களின் ஜுவாஜோவும். இரண்டிலும் குழந்தை முதல் பொருளை எடுப்பது ஒரே தடவைதான். 'இன்னொரு தரம் எடுக்கச் சொல்லுங்கள்' என்று கேட்கவே கூடாது. தாத்தா பாட்டிக்கு அது சடங்கு. 6ஆம் நூற்றாண்டுச் சீன நூலொன்றிலேயே ஆண் குழந்தை முன் வில், அம்பு, காகிதம், தூரிகையும், பெண் குழந்தை முன் கத்தி, அளவுகோல், ஊசி, நூலும் வைத்ததாகக் குறிப்பு உண்டு. இன்று ஸ்டெதாஸ்கோப், மைக் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஊசியையும் தனி நாணயங்களையும் அகற்றிவிடச் சொல்லுங்கள். கைக்கு வருவது அடுத்த நொடி வாய்க்குப் போய்விடும்.

பொருட்களைக் குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் அரைவட்டமாகப் பரப்ப வேண்டும். கொரிய மேசையில் அடிக்கடி கெடுவது நூல்கண்டுதான். நீண்ட ஆயுளுக்கான அந்த வெள்ளை நூல் வெள்ளை விரிப்பில் வைத்தால் படத்தில் காணாமலே போகும். அடர்நிறத் தட்டில் வைத்தால் ஒவ்வொரு இழையும் தெரியும்.

கேமரா தரையோடு தரையாக, குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கட்டும். 35 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல். துளை அகன்ற எஃப் 1.8இல் முகம் அழகாக வரும், ஆனால் மற்றவை மங்கி, கையில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. படத்தின் பொருளே போய்விடும். உறவினர்களைக் குழந்தைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். எதிரே நின்றால் அவர்களுடைய செல்போன்கள்தான் பதிவாகும். பின்னால் இருந்தால், பேரன் தூரிகையைப் பிடிக்கும் நொடியில் பாட்டியின் முகமும் கிடைக்கும். அந்த முகத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

சீன வீடுகளில் சிக்கல் சிவப்பு. விரிப்பு, உடை, திரை எல்லாமே சிவப்பாக இருக்கும்போது கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தடுமாறும். விரிப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி தாடையைச் சிவக்க வைக்கும். கிரே கார்டு எனும் சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு, எக்ஸ்போஷரை (ஒளி அளவை) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, சுருக்கப்படாத RAW கோப்பாக எடுங்கள். ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு நிறத்துக்கான வளைவைத் தனியாகப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டினால் துணியின் பூவேலை மீளாது. ஃபிளாஷ் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பட்டும். நேராக அடித்தால் பட்டுத்துணி பளீரிடும்.

கொரியர்களின் மரபு உடையான ஹன்போக்கில் தொப்பி கடைசியில்தான் ஏற வேண்டும். கட்டிய சில நிமிடங்களிலேயே பெரும்பாலான குழந்தைகள் பிய்த்துவிடும். ஆகவே மேசை, வெள்ளை அரிசிப் பலகாரம், சிவப்புப் பயறு தூவிய உருண்டை எல்லாவற்றையும் குழந்தை வருமுன்பே படமெடுத்துவிடுங்கள். பிறகு தொப்பியோடு தனிப்படம், உடனே டோல்ஜாபி. குடும்பப் படங்கள் அப்புறம். தூங்கி எழுந்து பால் குடித்ததும் தொடங்கினால் அரைமணி நேரம் கிடைக்கும்.

அம்மா கொரியர், அப்பா சீனர் என்றால் இரண்டு உடை. பட்டைகளும் முடிச்சுகளும் அதிகமுள்ள ஹன்போக்கை முதலில் அணிவிக்கச் சொல்லுங்கள். குழந்தை சோர்ந்தபின் அதைக் கட்ட முடியாது.