மண்டபம் முகாமில் பிறந்த அக்காவுக்குப் பிறப்புச் சான்று வாங்கிய கதை

ஒரு காகிதத்துக்கு நாலு நடை. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

தங்கச்சிமடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இலங்கைத் தமிழ் அகதி முகாம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, அலுவலகங்களுக்குக் கூடப் போவது என்று ஏதோ செய்துகொண்டிருக்கிறோம். இந்த அக்கா பிறந்தது 1987 பிப்ரவரியில், மண்டபத்தில். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் இலங்கைக்காரர்களாகவே இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். இதே முகாமில் 1986ல் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022ல் உத்தரவே போட்டது. ஆனால் இங்கேதான் பிறந்தார் என்பதற்குச் சான்று வேண்டுமே.

பிறப்புப் பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் முகாம் அட்டையைப் பார்த்ததுமே, "அகதிக்கு எதுக்குங்க பர்த் சர்டிபிகேட்? அப்பா அம்மா பாஸ்போர்ட், விசா இருக்கா?" என்றார். உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்களிடம் விசா! இந்த மண்ணில் நடக்கிற எல்லாப் பிறப்பையும் பதியச் சொல்கிறது 1969ஆம் வருஷத்துச் சட்டம், அதில் யார் பிள்ளை என்ற பேச்சே இல்லை என்று எடுத்துச் சொன்ன பிறகு கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார். "இல்லை." வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அவர்கள் திரும்ப இங்கேயே அனுப்பினார்கள். அக்காவுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு.

மூன்றாம் நடைக்கு அவருடைய அம்மாவையும் கூட்டிப் போனோம். "தம்பி, எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. சிவராத்திரிக்கு ரெண்டு நாள் முந்தி பெத்தனான்" என்றார். அதை வைத்துப் பழைய பதிவேட்டைப் புரட்டச் சொன்னால், இருக்கிறது! குழந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் காலி, வெறும் 'பெண்' என்று மட்டும். பிறகு பெயரைத் தட்டினால் எப்படி வரும்? ஆகவே தேதியையும் அம்மா பெயரையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். நிஜமாகவே பதிவு இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் போக வேண்டும். எந்த மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

நாலாம் நடையில் சான்று கைக்கு வந்தது. கூடவே 1989ல் பிறந்த தம்பிக்கும் போட்டோம், அது ஒரே நாளில் வந்துவிட்டது. ஆனால் குடியுரிமைக்கு அது உதவாது, 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியும். இருந்தும் சான்றை எடுத்துக்கொண்டு நேராக லேமினேஷன் கடைக்குப் போகப் பார்த்தான். வேண்டாம் தம்பி, ஒட்டிவிட்டால் பின்னால் சில இடங்களில் வாங்க மாட்டார்கள் என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.