கரத்தை ரோட்டில் சைக்கிள்: அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வரை

பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎல வரை செல்லும் ஏ16 வீதியில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்த அச்சம் நன்றாகத் தெரியும். பின்னால் வரும் பஸ் வளைவுக்கு முன்பே ஹோர்ன் அடிக்கும். ஒதுங்கலாம் என்றால் ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம். இலங்கையின் மலையகத்தில் சைக்கிள் ஓட்டவே முடியாது என்று பலர் முடிவு கட்டிவிடுவதற்கு இந்த வீதிகள்தான் காரணம். அதே மலைகளில், பிரதான வீதிக்குச் சற்று மேலேயும் கீழேயும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு லொறிகூட வராத பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கின்றன. அவற்றைத்தான் தோட்டத்தில் கரத்தை ரோடு என்கிறோம்.

மாட்டு வண்டியைக் கரத்தை என்பது எங்கள் பக்கத்து வழக்கு. கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய பின்னரும், விளைந்ததை மலையிலிருந்து இறக்குவதற்கு மாட்டு வண்டியே கதியாக இருந்தது. பாரம் ஏற்றிய மாடுகளால் செங்குத்தான ஏற்றத்தில் இழுக்க முடியாது. இறக்கத்திலோ வண்டியின் பாரம் மாட்டின் கழுத்தை அமுக்கிவிடும். ஆகவே பாதைகள் மலையை நேராக வெட்டி ஏறாமல், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி மெதுவாக உயர்கின்றன. மாட்டுக்கு ஏற்ற சாய்வு, சாமான் பை கட்டிய சைக்கிளை மிதிப்பவனுக்கும் அப்படியே பொருந்துவதை இந்தப் பயணத்தில் என் முழங்கால்களே உறுதி செய்தன.

பெப்ரவரி மாதத்தின் ஒரு காலையில், ஐந்தரை மணிக்கு, சித்தப்பா மகனும் நானும் அப்புத்தளை நகரத்திலிருந்து புறப்பட்டோம். நகரம் ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் ஏற வேண்டிய லிப்டன் சீட் 1,970 மீட்டர் அளவில் இருக்கிறது. தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலைக்குப் பத்து கிலோமீட்டர், அங்கிருந்து மேலே இன்னும் ஏழு. மொத்தத் தூரத்துக்குக் கணக்குப் பார்த்தால் நூறு மீட்டர் போவதற்கு மூன்று மீட்டர்தான் ஏற வேண்டும். மலைநாட்டு ரயில் பாதையின் கடினமான ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி என்பதோடு இதை ஒப்பிட்டால், ரயில் மூச்சு வாங்கி ஏறும் சாய்வைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். முதல் பத்து கிலோமீட்டரில் தோட்டத்து பஸ்ஸும் ஆட்டோக்களும் ஓடுகின்றன. அதனால் விடியும் முன்பே அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதிக்கு வரும் நேரத்தில் நாங்கள் தொழிற்சாலையைத் தாண்டியிருந்தோம். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய அந்த நீண்ட கட்டடத்தின் பக்கமாகப் போகும்போது, வாட்டிய கொழுந்தின் வாசனை பாதை முழுவதும் நிறைந்திருந்தது.

அதற்கு மேல்தான் பாதை முழுமையாக எங்களுடையதாயிற்று. ஒரு வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பாதையைத் தாங்கி நிற்கும் கற்கட்டை அருகில் போய்ப் பார்த்தேன். சீமெந்து பூசாமல், கல்லின் முகம் பார்த்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். இடுக்குகளில் பாசியும் சிறு பன்னமும் முளைத்திருந்தன. ஆள் உயரத்துக்கு மேல் எழுந்த அந்தக் கட்டில் ஒரு கல்கூடப் பிதுங்கி நிற்கவில்லை. மலைப் பக்கமாக ஓடும் கான், அதாவது வடிகால், பாதைக்கு அடியிலுள்ள மதகில் விழுந்து மறுபக்கம் இறங்குகிறது. மழை நீரைப் பாதையில் ஓடவிடாமல் காத்தது இந்தக் கான்தான். இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்த மக்களின் இருநூறாவது ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தபோது, தேயிலையைப் பற்றி நிறையப் பேசினோம். இந்தப் பாதைகளையும் அதே கைகள்தான் வெட்டின. அதைப் பற்றி இன்னும் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் முதல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. தராசுக் கொக்கியில் தொங்கிய சாக்கு ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணை எழுதிக்கொள்ள, சாக்குக்குரிய பெண் தன் கண்ணாலும் அந்த முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். வயதான அம்மா ஒருவர் எங்கள் சைக்கிள்களைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கே போகிறோம் என்று கேட்டார். நாயபெத்த பக்கமாக இறங்கிப் பண்டாரவளைக்கு என்றதும் கையை நீட்டி வழி சொன்னார்: "ஸ்கூலுக்குக் கீழ போற குறுக்கு வேணாம் தம்பி, கான் ஒடஞ்சி கெடக்கு. கோயில சுத்திப் போற பெரிய ரோட்டுலயே போங்க." அந்தச் சொல்லைத் தட்டாமல் நடந்ததால் ஒரு மணி நேரமாவது எங்களுக்கு மிச்சமாயிற்று.

லிப்டன் சீட்டில் எட்டு மணிக்குள் இருப்பது நல்லது. அதன் பின் மூடுபனி ஏறிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க முடியும். எங்களுக்கு அரை மணி நேரத் தெளிவு கிடைத்தது. மலை தெற்கே ஒரே வீழ்ச்சியாக இறங்கிச் சமவெளியாகிறது. உடவளவ நீர்த்தேக்கம் தகடு போல மின்னியது. அதற்கும் அப்பால், அம்பாந்தோட்டைப் பக்கமாக, வானமும் நிலமும் சேரும் இடத்தில் கடலின் மெல்லிய கோடு தெரிந்தது. அந்த அழகான சரிவுகளை நோக்கும் எவரும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை மறக்கலாகாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடிய நாள் அது. தொடர் மழை நாட்களில் இந்தப் பாதைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம். ஊவாப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பலத்த மழைக் காலம். பெப்ரவரி, மார்ச் மாதங்கள் உகந்தவை. ஜூலைக்குப் பின் வீசும் கச்சான் காற்று தேயிலைக்குச் சுவை சேர்க்குமே தவிர, எதிர்க்காற்றில் மிதிப்பவனைப் பாடாய்ப்படுத்திவிடும்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயில் என்ற முந்நூறு கிலோமீட்டர் நடைவழியும் இந்த மலைகளைத் தொட்டுத்தான் செல்கிறது. அதன் 22 பகுதிகளும் பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளே என்றாலும், படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் இடையிடையே வருவதால் எல்லா இடங்களும் சக்கரத்துக்கு ஆகாது. அதிஷாம் மடாலயத்திலிருந்து தங்கமலைக் காட்டு வழியாக இதல்கஸ்ஹின்ன போகும் பாதையும் அப்படியே. அது நடந்து போவோருக்கு மட்டும் உரியது.

நாயபெத்த பக்கத்து இறக்கத்தில்தான் எனக்குச் சோதனை வந்தது. ஏற்றத்தையே நினைத்துப் புறப்பட்ட நான், பின்சக்கரத்தின் பிரேக் கட்டை தேய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாவது வளைவில் இரும்பு இரும்போடு உரசும் சத்தம் கேட்டது. முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் சரளையில் சக்கரம் வழுக்கியது. இறங்கி, ரிம்மில் கை வைத்தவன் சட்டென்று எடுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. சித்தப்பா மகன் தன் பையில் வைத்திருந்த புதிய கட்டைகளைப் பொருத்தித் தந்தான். எழுநூறு மீட்டர் இறங்கும் பயணத்துக்குப் போகிறவர்கள் டியூபுக்கு ஒட்டுப் போடும் சாமானைவிட முதலில் எடுத்துவைக்க வேண்டியது இந்தக் கட்டைகளைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவை தோட்ட நிர்வாகத்துக்குரிய பாதைகள்; வாசலில் காவலாளி இருந்தால் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். லயங்களின் முன்னால் பாதைதான் முற்றம்: துணி காய்கிறது, பிள்ளை தவழ்கிறது, கிழவர் வெயில் காய்கிறார். அங்கே நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

மதியம் ஒரு மணிக்குச் சற்று முன், மாரியம்மன் கோயில் ஒன்றைத் தாண்டிய கடைசி வளைவில், காலையிலிருந்து கேட்காத ஹோர்ன் சத்தம் கீழேயிருந்து வந்தது. கரத்தை ரோடு தார் வீதியில் சேரும் இடத்தில் இருவரும் கால் ஊன்றி நின்று, பதுளை பஸ் ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்தோம்.