800 மில்லிமீட்டரும் என் காலும்

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், கைமாறி வந்தது. சீட்டு உயரம் 800 மில்லிமீட்டர், எடை 199 கிலோ என்பது கம்பெனிக் கணக்கு. என் உயரம் 157 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. இதற்கு முன் ஓட்டியது ஸ்பிளெண்டர். அதன் சீட்டு 785 மில்லிமீட்டர். ரெண்டுக்கும் ஒன்றரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஸ்பிளெண்டரில் பாதம் நன்றாகப் பதியும். இதில் ரெண்டு பக்கமும் கட்டைவிரல் நுனி மட்டும். அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இவ்வளவு எப்படி ஒளிந்திருக்கிறது என்று துருவியதில்தான் வேலை எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

முதல் விஷயம், சீட்டின் அகலம். கால் சீட்டிலிருந்து நேராகக் கீழே இறங்குவதில்லை. தொடை ஒரு சுற்றுப் போய்த்தான் தரைக்கு வருகிறது. சீட்டு மூக்கு, அதாவது முன்நுனி, எவ்வளவு அகலமோ அவ்வளவு கால் அங்கேயே செலவாகிவிடும். ரெண்டாவது, ஸ்பிரிங். குட்டையான ஆள் பெரும்பாலும் எடையும் குறைவு. கனத்த ஆள் உட்கார்ந்தால் வண்டி அமுங்கித் தானாகத் தாழும். நாம் உட்கார்ந்தால் அது அசைந்து கொடுப்பதே பெரிய காரியம். ஆக, உயரம் குறைந்தவனுக்குத்தான் வண்டி உயரமாகவே நிற்கிறது. நல்ல நியாயம்.

எவ்வளவு குறைகிறது என்று அளக்க ஒரு வழி வைத்துக்கொண்டேன். சமதளத்தில் வண்டியை நிமிர்த்தி, தம்பியைப் பிடிக்கச் சொல்லி, ஓட்டும்போது போடும் பூட்ஸோடு உட்கார்ந்து, குதிகாலுக்குக் கீழே பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகுவது. குதிகால் அழுந்தி உட்காரும்போது அடுக்கின் உயரம்தான் நமக்குக் குறைகிற உயரம். முதலில் 9 சென்டிமீட்டர் வந்தது.

சீட்டுக்குத் திருநெல்வேலி மேலப்பாளையத்தில் ஒரு குஷன் கடை. ஹிமாலயனில் முன் சீட்டு தனி, பின் சீட்டு தனி. அதனால் பழைய முன் சீட்டு ஒன்றை விலைக்கு வாங்கி அதில்தான் கத்தி வைத்தோம். ஒரிஜினல் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. உட்காரும் இடத்தில் அஞ்சு சென்டிமீட்டர் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பாய் சிரித்தார். “வெட்டுததுக்கு அஞ்சு நிமிஷம் போதும் தம்பி. அப்புறம் அம்பாசமுத்திரம் போய்ட்டு வந்து இடுப்பு போச்சுங்கக் கூடாது. மூக்குல எடுப்போம். ஒக்காந்து பாருங்க, எடுப்போம், திரும்ப ஒக்காருங்க.”

அப்படியே நடந்தது. ரெக்ஸினைப் பிடித்திருந்த பின்களைப் பிடுங்கி, தொடை உரசும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஹேக்ஸா பிளேடால் ரெண்டு பக்கமும் சரிவாகச் சீவினார். பிறகு கிரைண்டரில் எமரி போட்டுத் தேய்த்தார். கடை முழுக்க ஃபோம் தூள். மேலே எடுத்தது ரெண்டு சென்டிமீட்டர்தான். அதையும் முன்பக்கம் மட்டும் எடுக்கவில்லை. பின்பக்கத்தையும் சேர்த்து மட்டம் பண்ணினார். முன்னால் மட்டும் வெட்டினால் சீட்டு சரிந்துவிடும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கில் போய் மோதுவோம். எங்கே மோதுவோம் என்று சொல்ல வேண்டியதில்லை. எலும்பு அழுந்தும் இடத்தில் மட்டும் மேல் ஃபோமைக் கொஞ்சம் எடுத்துவிட்டுக் கெட்டியான ரீபாண்ட் ஃபோம் ஒரு அடுக்கு ஒட்டினார். உறையைப் புதிதாகத் தைத்தோம். பழையது சுருக்கம் விழும்.

வீட்டுக்கு வந்து பிளைவுட் வைத்தால் 9 இப்போது ஐந்தரை. மேலே எடுத்தது ரெண்டு, கிடைத்தது மூன்றரை. மீதி ஒன்றரை அகலம் குறைந்ததால் வந்தது.

அடுத்து ஸ்பிரிங். ஹிமாலயனின் பின்சக்கரம் 180 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அதில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்குவது சரியான அளவு என்பார்கள். அதாவது 45 முதல் 60 மில்லிமீட்டர். எனக்கு 35 தான் அமுங்கியது. பாளையங்கோட்டையில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி சி ஸ்பேனரால் பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைத் தளர்த்தியதும் 45-க்கு வந்தது. இது வண்டியைத் தாழ்த்துவதற்காகச் செய்கிற தகிடுதத்தம் இல்லை. என் எடைக்கு அங்கேதான் இருந்திருக்க வேண்டும். குழியில் விழுந்தால் முதுகில் ஏறும் அடியும் குறைந்திருக்கிறது. ஆனால் பின்னால் ஆள் ஏறினால் வளையத்தைத் திரும்ப இறுக்க வேண்டும்.

பூட்ஸ் வேலை சீக்கிரம் முடிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் 15 மில்லிமீட்டர் ரப்பர் சோல் சேர்த்துத் தைத்தாயிற்று. பாதம் உயர்ந்ததால் கியர் லீவரைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். இப்போதைய கணக்கு மூன்று சென்டிமீட்டர். விரல்களும் முன்பாதமும் நன்றாக ஊன்றும், குதிகால் மட்டும் அந்தரத்தில். ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தால் அந்தக் காலில் முழுப் பாதமும் பதிகிறது.

“அந்த மிச்சத்துக்கு லிங்க் மாத்திர வேண்டியதான?” என்று கேட்காத ஆள் இல்லை. பின் ஷாக்கோடு இணையும் பட்டைதான் லிங்க். அதை நீளமாகப் போட்டால் வண்டியின் பின்பக்கம் இறங்கும், உண்மைதான். அம்பையில் கூட்டாளி ஒருத்தன் போட்டிருக்கிறான். பின்பக்கம் இறங்கியதும் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நின்றது. அதை வெட்டி வெல்டிங் வைத்தான். ஹெட்லைட் மேலே பார்த்தது. எதிரே வருகிறவனெல்லாம் டிம் அடிக்கச் சொன்னான். சென்டர் ஸ்டாண்டு போட ரெண்டு பேர் வேண்டியிருக்கிறது. ஹேண்டில் மந்தமானதும் முன் ஃபோர்க் குழாயைக் கிளாம்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் இறக்கினான். 220 மில்லிமீட்டர் தரை இடைவெளிக்காக வாங்கிய வண்டியில் அதையே குறைத்தாயிற்று. அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார்: “லேத்துல குடுத்தா ஒரு மணி நேரத்துல கடைஞ்சி தந்திருவாவ. ஓடும்போது ஒடைஞ்சா ஆரு பதில் சொல்லுவா?” போதாததற்கு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. மூன்று சென்டிமீட்டருக்கு இவ்வளவு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மூன்றை ஓட்டுகிற விதத்தில் சரிக்கட்டுகிறேன். நம் ரோடு நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. இடது ஓரம் ஒதுங்கி நின்றால் இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போய்விடும். அங்கே வலது காலை ஊன்றி முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நின்றால் அதற்கு நேர்மாறு: வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில், எடை முழுக்க இடது பக்கம். வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி ஆடிக் காற்றில் நிற்கும்போது காற்று வருகிற பக்கத்துக்கு வண்டியைக் கொஞ்சம் சாய்த்து அந்தக் காலை ஊன்ற வேண்டும். எதிர்ப்பக்கம் நுனிவிரலில் நின்றால் 199 கிலோவைக் காற்று நம் மேலேயே தள்ளும். திசையன்விளைக்கு அந்தப்புறம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் மட்டும் எந்தக் கணக்கும் செல்லாது. பாய் சீவிக்கொடுத்ததையெல்லாம் மணல் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அங்கே நிற்காமல் போவதுதான் வழி.

பாக்கி ரெண்டு வேலை. கிளட்ச் லீவர் என் விரலுக்கு இன்னும் தூரம். கேபிளைத் தளர்த்திப் பார்த்தால் கியர் சுத்தமாக விழவில்லை, வேறு லீவர் தேட வேண்டும். புதுத் தையல் வழியாக ஃபோமில் தண்ணீர் இறங்காமல் ஐப்பசி மழைக்கு முன் உள்ளே பாலிதீன் ஷீட் போட வேண்டும். முன் சீட்டு தாழ்ந்ததில் பின் சீட்டு இப்போது படி மாதிரி தூக்கி நிற்கிறது. அதையும் மட்டம் பண்ணவா என்று அம்மாவிடம் கேட்டேன். “அது கெடக்கட்டும்ல. இப்பம்தான் ஒன் தலைக்கு மேல ரோடு தெரியுது” என்றாள்.