சுவரில் விளைந்த நெல்

ஷாங்ஹாய், ஹுவாஷான் சாலை, 868-ஆம் எண். 2016-இல் நான் போனபோது சீனக் கம்யூனிஸ்ட் ஆட்சியின் பிரசார போஸ்டர்களுக்கான அருங்காட்சியகம் அங்கேதான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு. தயங்கி நின்ற என்னிடம் வாசல் காவலாளி ஒரு சின்ன அட்டையை நீட்டினார். எந்தக் கட்டடம், எந்தப் பக்கம் என்று அதில் வரைந்தே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன்.

யாங் பெய்மிங் என்ற தனி மனிதரின் சேகரிப்பு இது. காலம் மாறிவிட்டது என்று எல்லோரும் இந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த 1990-களில், அவர் ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். அவருக்குப் பெரிய நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியவை பழைய ஷாங்ஹாயின் காலண்டர் அழகிகள். சிகரெட்டும் சோப்பும் விற்க வரையப்பட்டவர்கள். 1949-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பிறகு ஜின் மெய்ஷெங் போன்ற அதே காலண்டர் ஓவியர்கள்தான் புதிய சீனாவின் உழவர் பெண்களையும் வரைந்தார்கள். உடையும் கையில் இருக்கும் பொருளும் மாறியிருக்கின்றன. கன்னத்து மினுமினுப்பு அப்படியே இருக்கிறது.

அப்புறம் 1958, 'மாபெரும் பாய்ச்சல்' காலத்துச் சுவர்; உற்பத்தியை ஒரே தாவலில் பெருக்கிவிட ஆட்சித் தலைவர் மாவோ தொடங்கிய இயக்கம் அது. அங்கேதான் வெகுநேரம் நின்றேன். ஆளை மறைக்கும் கதிர்கள், கொழுத்த பன்றிகள், கொழுகொழு குழந்தைகள். வண்ணங்கள் அவ்வளவு அழகு! ஆனால் அந்த மிகை படத்தோடு நிற்கவில்லை. ஊர் ஊராக அதிகாரிகள் விளைச்சலைப் பல மடங்கு கூட்டிக் கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்கை வைத்தே அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது. விளைவித்தவன் வீட்டுக் குதிர் காலியானது. சிட்டுக்குருவி தானியத்தைத் தின்கிறது என்று அதே ஆண்டு தட்டும் பறையும் முழக்கிக் குருவிகளை உட்காரவிடாமல் பறக்கவைத்தே கொன்றார்கள், அவை தின்றுவந்த பூச்சிகள் பெருகின. 1960-இல் ஒழிக்க வேண்டியவை பட்டியலில் குருவிக்குப் பதில் மூட்டைப்பூச்சி வந்தது. 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தில் மாண்டவர்கள், குறைந்த மதிப்பீட்டின்படியே, ஒன்றரைக் கோடி.

அடுத்து, 'பழமைவாதிகள்', 'எதிரிகள்' என்று பலரை வேட்டையாட 1966-இல் மாவோ தொடங்கிவைத்த கலாசாரப் புரட்சிக் காலம். எங்கும் சிவப்பு, முஷ்டி, மாவோவின் முகம். கையால் எழுதிய பெரிய எழுத்துச் சுவரொட்டிகளும் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரரையும் பாடம் சொன்ன ஆசிரியரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியவை இந்த வகைத் தாள்கள்தான். எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தூரிகை வேகம் அச்சமூட்டியது.

வெளியே வரும் வழியில் சின்னக் கடை. கதிர்க்கட்டைத் தூக்கிச் சிரிக்கும் ஒரு குழந்தையின் படத்தைக் கையில் எடுத்தேன். வீட்டுக் கூடத்துச் சுவருக்குப் பொருத்தமான அளவுதான். அச்சான ஆண்டைத் தேடிப் பார்த்தேன்: 1959. திரும்ப அடுக்கிலேயே வைத்துவிட்டு மேலே ஏறினேன்.