அந்தப் பாவாடை

2018-இல் வெலிங்டன் வந்து இறங்கியதும் இங்கிருந்த நம் ஆட்கள் எங்களிடம் முதலில் கேட்டது வேலையைப் பற்றியோ குளிரைப் பற்றியோ இல்லை, "எந்த ஸ்கூல் ஜோன்ல வீடு பாக்கறீங்க?" என்றுதான். பள்ளியின் வட்டாரத்துக்குள் வீடு இருந்தால்தான் அங்கே இடம் உறுதி. அப்போது நியூசிலாந்துப் பள்ளிகளுக்கு டெசில் என்று 1 முதல் 10 வரை ஓர் எண் உண்டு, 10 என்றால் மிக வசதியான பக்கம். பிள்ளைகள் எவ்வளவு வசதியான தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்து, வசதி குறைந்த பள்ளிக்குக் கூடுதல் பணம் ஒதுக்குவதற்காக 1995-இல் கொண்டுவந்த கணக்கு அது. பெற்றோர் பலர் அதைப் பள்ளியின் மார்க்காகவே எடுத்துக்கொண்டார்கள், நாங்களும்தான். 2022-ஓடு அந்த முறையே போய்விட்டது. ஆனால் நாங்கள் வந்தபோது டெசில் 10 தான் வேண்டும் என்று, கட்டுப்படியாகாத வாடகைக்கு, வெயிலே விழாத ஒரு சின்ன வீட்டைப் பிடித்தோம்.

அந்த வாடகைக்காக நான் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனேன். மூன்று மணிக்குப் பள்ளி விடும். உடை மாற்ற நேரமிருக்காது, கம்பெனி பெயர் போட்ட நீல டி-ஷர்ட்டோடு வாசலில் நிற்பேன். முதல் இரண்டு வருடம் மகளுக்கு அது வெறும் அம்மாவின் சட்டைதான், ஓடி வந்து அதில் முகத்தைத் தேய்த்துக்கொள்வாள். ஏழு வயதானபோது ஒருநாள் வீட்டுக்கு நடந்து வருகையில், "நாளைக்கு மேல ஸ்வெட்டர் போட்டுட்டு வாம்மா" என்றாள். அது பிப்ரவரி, இங்கே நல்ல கோடை. நான் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த வாரம்தான் நூலகத்தில் காத்தரின் மான்ஸ்ஃபீல்டின் சிறுகதைகளை எடுத்தேன். இந்த ஊர்க்காரர், 1888-இல் இங்கே தார்ன்டனில் பிறந்தவர், வங்கி உலகில் பெரிய ஆளாக இருந்தவரின் மகள் என்பது மட்டும் தெரியும். 'தி டால்ஸ் ஹவுஸ்' பத்துப் பக்கம்கூட இருக்காது. பர்னெல் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பொம்மை வீடு வருகிறது, பள்ளித் தோழிகள் இரண்டிரண்டு பேராக வந்து பார்க்கிறார்கள், கெல்வி சகோதரிகளான லில்லும் எல்ஸும் மட்டும் வரக் கூடாது. அவர்களுடைய அம்மா வீடு வீடாகப் போய்த் துணி துவைப்பவள், அப்பா சிறையில் இருப்பதாக ஊரில் பேச்சு. சுற்று வட்டாரத்துக்கு ஒரே பள்ளி என்பதால் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள், அவ்வளவுதான். லில் போட்டிருக்கும் கவுன், பர்னெல் வீட்டு மேஜை விரிப்பில் தைத்தது. அதன் கைகள் லோகன் வீட்டுத் திரைச்சீலை. அந்த லோகன் வீட்டுப் பெண்தான் மற்ற பிள்ளைகள் பார்க்க லில்லிடம் போய், நீ பெரியவளானால் வேலைக்காரியாகத்தானே போவாய் என்று கேட்கிறாள்.

முதலில் நீல டி-ஷர்ட்டோடு கெல்விகளின் பக்கம் நின்றுதான் படித்தேன். அந்தக் கவுன் வந்த இடத்தில் மேலே போக முடியவில்லை.

மதுரைப் பக்கம் எங்கள் ஊர் சின்னது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்காவின் மகளும் நானும் ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். வீட்டில் அவள் பின்கட்டோடு சரி, கூடத்துக்கு வர மாட்டாள். வரக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குச் சின்னதாகிப்போன பாவாடையை அம்மா அவளுக்குக் கொடுத்தாள். பள்ளியில் சரஸ்வதி பூஜை அன்று அதைக் கட்டிக்கொண்டு வந்தாள், எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள். நான், "அது என் பாவாடை" என்றேன். பொய் இல்லை. ஆனால் எந்த நோக்கத்தோடு சொன்னேன் என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் மான்ஸ்ஃபீல்டின் இன்னொரு கதையான 'தி கார்டன் பார்ட்டி'யைவிட இந்தக் கதை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதில் லாரா என்ற பணக்காரப் பெண், பக்கத்துச் சந்தில் ஒரு வண்டிக்காரர் இறந்து கிடக்கையில் நம் வீட்டில் விருந்து நடக்கலாமா என்று தவிக்கிறாள், அப்புறம் அம்மா கொடுத்த தொப்பியின் அழகில் அதைத் தள்ளிவைக்கிறாள், கடைசியில் மீந்த பலகாரக் கூடையோடு சாவு வீட்டுக்குப் போய் அழுகிறாள். நல்ல கதைதான். ஆனால் அங்கே நமக்குக் கிடைப்பது லாராவின் கண் மட்டுமே. பொம்மை வீட்டுக் கதையில், பர்னெல் வீட்டுப் பெண் ஒருத்தி யாருக்கும் தெரியாமல் கெல்விகளைக் கூப்பிட்டுக் காட்ட, அவளுடைய சித்தி பெரில் வந்து கோழியை விரட்டுவதுபோல் அவர்களை விரட்டிய பிறகு கதை கெல்விகளோடு தெருவுக்கு வந்துவிடுகிறது. பொம்மை வீட்டுக்குள் இருந்த குட்டி விளக்கைப் பார்த்துவிட்டதாக எல்ஸ் அக்காவிடம் மெதுவாகச் சொல்கிறாள். கடைசிப் பேச்சு அந்தச் சின்னப் பெண்ணுடையது.

இரண்டையும் மான்ஸ்ஃபீல்ட் 1921 அக்டோபரில், ஒரே மாதத்தில், காசநோயோடு சுவிட்சர்லாந்து மலையில் இருந்தபோது எழுதி முடித்திருக்கிறார். 1908-இல் வெலிங்டனை விட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை, 1923 ஜனவரியில் 34 வயதில் பிரான்சில் இறந்துபோனார். சின்ன வயதில் கரோரிப் பள்ளியில் கூடப் படித்த ஏழைப் பிள்ளைகளை அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நினைத்திருக்கிறார். ஊரில் இருந்தவரை எனக்கு அந்தப் பாவாடை ஞாபகம் வந்ததே இல்லை.

போன வருடம் மகளை டினகோரி ரோட்டில் அவர் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன், இப்போது அது அருங்காட்சியகம். போகும் வழியில் கதையைத் தமிழில் சொன்னேன், டி-ஷர்ட்டைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. மான்ஸ்ஃபீல்டோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் ஐந்தாம் வகுப்பில் நான் செய்ததையும் சொன்னேன். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன கலர்?" என்றாள்.

"அரக்கு. பச்சை பார்டர்."

"அதுக்கப்புறம் அவங்க அதைக் கட்டினாங்களா?"

நான் பார்த்து, இல்லை என்றேன்.